‘என் முதல் வெற்றி’ யாருடையது?

1

லார்ஜ் ஃபார்மேட் கேமராவில் நான் எடுத்த முதல் ஐந்து உருவப்படங்களில் நான்கு தேறவில்லை. முதலாவதில் ஷட்டரை மூடாமலேயே ஹோல்டரின் கறுப்புத் தகட்டை உருவிவிட்டேன். ஃபிலிம் முழுக்க வெளிச்சம் பட்டு, கழுவி எடுத்தபோது தார் பூசியதுபோல் இருந்தது. இரண்டாவதில் ஃபிலிமைப் பின்பக்கமாகத் திருப்பிப் போட்டிருந்தேன். மூன்றாவதில் ஒரே ஷீட்டில் இரண்டு பேர்: மாமாவின் நெஞ்சுக்குள் அவருடைய பண்ணை நாய் உட்கார்ந்திருக்கிறது. நான்காவதில் துருத்தியை நீட்டினால் வெளிச்சம் குறையும் என்ற கணக்கையே மறந்துவிட்டேன். ஐந்தாவது அம்மாயி. அது நன்றாக வந்தது. இந்தக் கட்டுரை அந்த நன்றாக வந்த படத்தின் மேல் எனக்கு வந்த சந்தேகத்தைப் பற்றியது.

கேமராவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பழைய படங்களில் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு ஒருவர் நிற்பாரே, அந்த வகைதான். முன்னால் லென்ஸ், பின்னால் சொரசொரப்பான கண்ணாடி, நடுவில் துருத்தி. ஒரு தடவைக்கு ஒரு ஷீட் ஃபிலிம். என்னுடையது 4×5 அங்குலம். சாதாரண 35 மில்லிமீட்டர் ஃபிலிமைவிடப் பரப்பில் சுமார் 15 மடங்கு. பெங்களூருவில் மென்பொருள் வேலை பார்க்கும் எனக்கு இதை வாங்க ஒரு காரணமும் கிடையாது. வேலையில் எல்லாவற்றையும் மில்லிசெகண்டில் அளந்து அளந்து சலித்துப்போய், மெதுவான ஒன்றைக் கையில் பிடிக்கலாமே என்று பழையதாக ஒன்று வாங்கினேன். வெள்ளி இரவு பஸ் பிடித்தால் சனி காலை ஊரில் இருப்பேன். நாமக்கல் பக்கம். மாமாவின் கோழிப்பண்ணையில் தீவனம் வைக்கும் அறைதான் என் இருட்டறை. அங்கே ஹோல்டரில் ஃபிலிம் போட்டால் தீவனத் தூசி ஒட்டிக்கொள்ளும். தூசி உட்கார்ந்த இடத்தில் வெளிச்சம் படாது, அச்சில் அது கரும்புள்ளியாக வரும். என் ஆரம்பகாலப் படங்கள் எல்லாவற்றிலும் மக்காச்சோளம் இருக்கிறது.

இந்தக் கேமராவில் ஒரு விசித்திரம் உண்டு. கண்ணாடியில் உருவம் தலைகீழாகத் தெரியும். அதைப் பார்த்து, பூதக்கண்ணாடி வைத்துக் கண்ணுக்கு ஃபோகஸ் செய்து, பிறகு அந்தக் கண்ணாடியின் இடத்தில் ஹோல்டரைச் செருகவேண்டும். செருகியதும் நமக்கு எதுவும் தெரியாது. படம் பதிவாகும் கணத்தில் எடுப்பவர் கேமராவுக்குப் பக்கத்தில் கையில் ஒரு ஒயரோடு சும்மா நிற்கிறார். எதிரே இருப்பவரும் அவரும் ஒருவரை ஒருவர் நேராகப் பார்த்துக்கொள்கிறார்கள். செல்ஃபோனில் எடுக்கும்போது திரையைப் பார்க்கிறோம். இதில் பார்க்க ஆள் மட்டும்தான் இருக்கிறார்.

2

அம்மாயியின் படம் இப்படி எடுத்தது. சாயங்காலம், திண்ணை. அவர் கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். வெளுத்துப்போன பருத்திச் சேலை. மேற்கிலிருந்து வெளிச்சம் முற்றத்தில் விழுந்து திரும்பி முகத்தில் படிந்திருந்தது. நான் கேமராவை நிறுத்துவதைப் பார்த்ததும், “இரு சாமி, சேலைய மாத்திக்கிட்டு வந்தர்றேன்” என்று எழுந்தார். “வேண்டாம் அம்மாயி, இப்படியே இருங்க, இதுதான் நல்லா இருக்கு” என்றேன். ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார். பேரன் கேட்கிறான் என்று உட்கார்ந்துவிட்டார். எஃப் 16, அரை விநாடி. முகம் கூர்மையாக விழுந்தது. கை மட்டும் அசைந்து, உரித்த தோலும் விரல்களும் புகைபோல வந்தன.

ஃபிலிமைக் கழுவித் தொங்கவிட்டபோது எனக்குக் கை நடுங்கியது. நண்பர்கள் பாராட்டினார்கள். நகரத்தில் ஒரு சின்னக் கூட்டுக் கண்காட்சியில் வைக்கக் கேட்டார்கள். பெரிதாக அச்சிட்டுக் கொடுத்தேன். கீழே ஒட்ட விவரச் சீட்டு கேட்டார்கள், எழுதிக் கொடுத்தேன்: கேமரா, லென்ஸ், ஃபிலிம், கழுவிய ரசாயனம், நேரம். தலைப்பு: ‘மூதாட்டி, நாமக்கல்’.

அடுத்த மாதம் ஒரு பிரதியை ஊருக்குக் கொண்டுபோனேன். அம்மாயி வாசலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “இது ஆரு சாமி?” என்றார். கேலி என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. “நாளைக்கு நாம் போய்ட்டா இதயா மாட்டுவீங்க?”

3

முதல் உருவப்படத்தில் வெற்றி பெற்றதாக எழுதி வைத்துக் கொண்டாடிய ஒருவரைப் பற்றி அப்போதுதான் படித்துக்கொண்டிருந்தேன். ஜூலியா மார்கரெட் கேமரன். 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். 48 வயதில், 1863 கடைசியில், மகளும் மருமகனும் பரிசாகக் கொடுத்த கேமரா கைக்கு வருகிறது. இங்கிலாந்தின் வைட் தீவில் தன் வீட்டு நிலக்கரி அறையை இருட்டறையாக்கினார். கண்ணாடி வேய்ந்த கோழிக்கூட்டைக் காலி செய்து ஸ்டுடியோவாக்கினார். உலக உருவப்படக் கலையின் ஒரு பெரிய அத்தியாயம் கோழிக்கூட்டில் தொடங்கியது என்பதில் நாமக்கல்காரனான எனக்குத் தனி மகிழ்ச்சி.

ஈரம் காயாத ரசாயனம் பூசிய பெரிய கண்ணாடித் தகடு. ஒரு படத்துக்குச் சில நிமிடங்கள்கூட ஆகும். பல தோல்விகளுக்குப் பிறகு 1864 ஜனவரியில் ஆனி ஃபில்பாட் என்ற சிறுமியின் படம் ஒழுங்காக வந்தது. கேமரன் அதன் கீழே ‘என் முதல் வெற்றி’ என்று எழுதினார். பத்து வருடம் கழித்து எழுதிய நினைவுக் குறிப்பில் அந்த நாளைச் சொல்கிறார். மகிழ்ச்சி தாங்காமல் அந்தக் குழந்தைக்குக் கொடுக்க ஏதாவது கிடைக்குமா என்று வீடெல்லாம் தேடி ஓடினாராம். அந்தப் படத்தை முழுக்க அவளே உருவாக்கியதுபோல் உணர்ந்தாராம்.

எனக்கு மிகவும் பிடித்த விமர்சன வாக்கியங்களில் இதையும் சேர்ப்பேன். விமர்சகர் யாரும் எழுதாத வாக்கியம். நீண்ட நேரம் ஒளி விழ வேண்டிய படத்தில் உட்கார்பவர் வெறுமனே இருப்பதில்லை, வேலை செய்கிறார். மூச்சைப் பிடிக்கிறார், கழுத்தைத் தாங்குகிறார், தன் முகம் எப்படி இருக்கவேண்டும் என்று முடிவு செய்து அந்த முடிவை விடாமல் வைத்திருக்கிறார். வால்டர் பெஞ்சமின் 1931இல் எழுதிய ‘புகைப்படத்தின் சிறு வரலாறு’ கட்டுரையில் இதைத் தொடுகிறார்: ஆரம்பகாலப் படங்களில் இருந்தவர்கள் அந்த நேரத்தைத் தாண்டி ஓடாமல் அதற்குள்ளேயே வளர்ந்தார்கள் என்பது அவர் வாதம். கேமரனுக்கு அது முதல் நாளிலேயே தெரிந்திருக்கிறது. அதனால் பெயரை எழுதினார். நூற்று அறுபது வருடங்கள் தாண்டியும் ஆனி என்ற பெயர் நமக்குத் தெரியும். அவர் வீட்டுப் பணிப்பெண் மேரி ஹில்லியர் பல படங்களில் மாதாவாக நிற்கிறார். முக்காட்டுக்குள் இருப்பது மேரி ஹில்லியர் என்பதும் நமக்குத் தெரியும்.

1875இல் கேமரனும் கணவரும் இலங்கைக்குக் குடிபோகிறார்கள். கணவருக்கு அங்கே காப்பித் தோட்டங்கள் இருந்தன. 1879 ஜனவரியில் இறக்கும்வரை கேமரன் அங்கேதான் இருந்தார். அங்கே எடுத்தவற்றில் இன்று மிஞ்சியிருப்பவை 30க்கும் குறைவு. வீட்டு வேலைக்காரர்கள், தோட்டத் தொழிலாளர்கள், ஊர்க்காரர்கள்; சிங்களவர்களும் தமிழர்களும். இப்படங்களின் தலைப்புகள் ‘களுத்துறை விவசாயிகள்’ என்பது போன்றவை. ஆனியையும் மேரியையும் பெயர் சொல்லி அறிமுகப்படுத்தியவர் இங்கே ஒரு பெயரும் விட்டுவைக்கவில்லை.

அக்காலத்தில் களுத்துறைக்கு வந்து அவரோடு தங்கிய ஓவியர் மரியான் நார்த் தன் நினைவுகளில் ஒரு சம்பவம் எழுதியிருக்கிறார். ஒருவருடைய முதுகு அழகாக இருக்கிறது என்று கேமரன் அவரைத் தோட்டக்காரராக வைத்துக்கொள்ளும்படி மகனை வற்புறுத்தினாராம். கேமரனுக்குத் தோட்டமே இல்லை. அந்த ஆளுக்கு அந்த வேலையின் பொருளே தெரியாது. நார்த் அதை வேடிக்கையாகத்தான் சொல்கிறார். நானும் முதலில் சிரித்தேன். பிறகு வெளுத்த சேலைதான் நன்றாக இருக்கிறது என்று அம்மாயியை உட்காரவைத்தது ஞாபகம் வந்தது.

4

அந்தப் பெயரில்லாத முகங்கள் எனக்கு அந்நியம் இல்லை. இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் போனது திருச்சி, மதுரை, தஞ்சை, புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து. எங்கள் சேலம் மாவட்டத்திலிருந்தும். கேமரன் அங்கே படம் எடுத்துக்கொண்டிருந்த அதே வருடங்களில்தான், 1876 முதல் 1878 வரை, மெட்ராஸ் மாகாணத்தில் தாது வருடப் பஞ்சம். சேலம் அதில் மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் ஒன்று. 1871க்கும் 1881க்கும் இடையே அதன் மக்கள்தொகை லட்சக்கணக்கில் குறைந்தது. செத்தவர்கள் போக, உயிரோடு இருந்தவர்களில் பலர் கடல் தாண்டினார்கள்.

இங்கே இருந்தவர்களையும் ஒருவர் படம் எடுத்தார். மெட்ராஸ் குதிரைப்படை அதிகாரி வில்லோபி வாலஸ் ஹூப்பர். அவருடைய பஞ்சப் படங்கள் இன்றும் அடிக்கடி கண்ணில் படுகின்றன. எலும்பும் தோலுமானவர்கள், வரிசையாக, குடும்பம் குடும்பமாக, ஸ்டுடியோவில் உட்காரவைத்ததுபோல் ஒழுங்காக அமர்த்தப்பட்டிருக்கிறார்கள். கலவை கச்சிதம். ஒருவரும் அசையவில்லை. அசையத் தெம்பில்லை என்பதும் அதற்குக் காரணமாக இருக்கலாம். படமெடுத்தவர் அவர்களுக்கு என்ன செய்தார் என்ற கேள்வி ஹூப்பரை விட்டு இன்றுவரை போகவில்லை.

1886இல் அவர் மாந்தலேயில் ராணுவக் காவல் அதிகாரி. பர்மியக் கைதிகளைச் சுட்டுக் கொல்லும்போது படம் எடுத்தார். துப்பாக்கிப் படைக்குக் கொடுக்கும் கட்டளைகளுக்கும் சுடுவதற்கும் இடையே தன் தகட்டில் ஒளி விழுவதற்காக நேரம் பிடித்தார் என்று குற்றச்சாட்டு எழுந்து விசாரணை நடந்தது.

இதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இந்தக் கேமராவை வாங்கியதிலிருந்து பார்ப்பவர்களிடமெல்லாம் ஒரு பிரசங்கம் செய்துவந்தேன்: மெதுவாக எடுப்பதே மரியாதை, மெதுவாக எடுத்தால் எதிரே இருப்பவருக்கு இடம் கிடைக்கும் என்று. ஃபிலிம் கேமராவுக்குத் திரும்புகிற என் வயதுக்காரர்கள் எல்லோரும் ஏறக்குறைய இதைத்தான் சொல்கிறோம். ஹூப்பரின் கேமராவும் மெதுவானதுதான். அந்த மெதுவில் எதிரே இருந்தவருக்குக் கிடைத்தது கூடுதலாகச் சில விநாடி மரணபயம். கருவியின் வேகத்தில் நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. எதிரே உட்கார்ந்தவரால் ‘இரு, சேலை மாற்றிக்கொண்டு வருகிறேன்’ என்று சொல்ல முடிகிறதா, சொன்னால் அது நடக்கிறதா என்பதுதான் கேள்வி.

எங்கள் மாவட்டத்தில் பெரிய கேமராவின் வரலாறு ஆள் இல்லாமலேயே தொடங்குகிறது என்பதையும் சொல்லவேண்டும். கேப்டன் லின்னேயஸ் டிரைப் என்ற மாகாண அரசின் புகைப்படக்காரர் 1858இல் ‘ராயக்கோட்டையும் சேலம் மாவட்டத்தின் பிற இடங்களும்’ என்று ஒரு படத்தொகுப்பு வெளியிட்டார். ராயக்கோட்டை இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கிறது. டிரைப் எடுத்தவை மெழுகு ஏற்றிய பெரிய காகித நெகட்டிவ்கள். கோட்டை, பாறை, மரம், கோயில். அவர் படங்களில் மனிதர்கள் மிக அரிது. அசைகிறவற்றை அந்தக் காகிதம் பிடிக்காது. அதைத் தொழில்நுட்பத்தின் குறை என்று சொல்லிவிடலாம். ஆனால் நிலம், கோட்டை, கட்டடம் என்று கணக்கெடுக்கும் அரசாங்கத்துக்கு அந்தக் குறை ஒன்றும் பெரிய இடைஞ்சலாக இருந்திருக்காது.

5

இவர்களுக்கு நேர் எதிரே வைக்க வேண்டியவர்கள் நம் ஊர் ஸ்டுடியோக்காரர்கள். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தமிழக ஸ்டுடியோக்களின் பழைய நெகட்டிவ்களையும் அச்சுகளையும் தேடி மின்னாக்கம் செய்திருக்கிறார்கள். பிரிட்டிஷ் நூலகத்தின் அருகிவரும் ஆவணங்களுக்கான திட்டம் இதற்கு உதவியது. அந்தப் படங்களைப் பார்த்தால் முதலில் தோன்றுவது, எல்லோரும் ஏன் இப்படி விறைத்துக்கொண்டு இருக்கிறார்கள் என்பதுதான். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். நாற்காலி, முக்காலி, அதன்மேல் பூச்சாடி, பின்னால் வரைந்த திரை, முழங்காலில் வைத்த கை. நாம் ‘இயல்பு’ என்று கொண்டாடும் ஒன்றும் அதில் கிடையாது.

ராசிபுரம் பக்கம் பல வருடம் ஸ்டுடியோ நடத்தி ஓய்வுபெற்ற ஒரு பெரியவரிடம் என் கேமராவைக் காட்டப் போனேன். துணிக்குள் தலையை விட்டு, வெளியே எடுத்து, “லென்சு நல்லா இருக்குதுங்க” என்றார். அவரிடம் விறைப்பைப் பற்றிக் கேட்டேன்.

“தம்பி, வர்றவங்க வருசத்துக்கு ஒருக்கா வர்றவங்க. சில பேரு ஆயுசுக்கே ஒருக்கா. அவங்க சிரிக்கறதுக்கா வந்தாங்க? நிக்கறதுக்கு வந்தாங்க. நாங்க எடுக்கறவங்க இல்லீங்க. எடுத்துக் குடுக்கறவங்க.”

வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் இந்தக் கடைசிச் சொல்லையே யோசித்துக்கொண்டு வந்தேன். தமிழில் நாம் தினம் பேசுவதுதான். ஸ்டுடியோவுக்குப் போனவர் ‘ஃபோட்டோ எடுத்துக்கிட்டேன்’ என்பார். கேமராவுக்குப் பின்னால் நின்றவர் ‘எடுத்துக் குடுத்தேன்’ என்பார். எடுத்துக்கொள்கிறவர் எதிரே உட்கார்ந்தவர். கேமராக்காரர் கொடுக்கிற ஆள், அவ்வளவுதான். கேமரன் ஆனியைப் பற்றி உணர்ந்ததை நம் வினைச்சொல் ஏற்கெனவே வைத்திருக்கிறது. ‘நான் ஒரு மூதாட்டியைப் படம் எடுத்தேன்’ என்று சொல்லும்போது அந்த ‘கொள்’ளும் ‘கொடு’வும் இரண்டுமே காணாமல் போகின்றன.

ஸ்டுடியோப் படங்களின் விறைப்பை இப்போது வேறு மாதிரிப் படிக்கிறேன். அது உட்கார்ந்தவரின் பங்கு. கைக்கடிகாரம் தெரியும்படி மணிக்கட்டைத் திருப்பியது அவர். குழந்தையைத் தூக்கி மடியில் வைத்து நேராக நிறுத்தியது அவர். அந்தத் திரைக்கு முன்னால்தான் வேண்டும் என்று கேட்டவரும் அவரே. கிறிஸ்டோபர் பின்னி தன் ‘கேமரா இண்டிகா’ நூலில் மத்திய இந்திய ஸ்டுடியோக்களைப் பற்றி எழுதும்போது, அங்கே வருகிறவர்கள் உள்ளே ஒளிந்திருக்கும் ‘உண்மையான’ தன்னைத் தேடி வருவதில்லை, தான் ஆக விரும்பும் ஒன்றாக ஆகிப் பார்க்க வருகிறார்கள் என்ற பொருளில் வாதிடுகிறார். அது நம் ஊருக்கும் பொருந்தும்.

இங்கே ஒரு மறுப்பு வரலாம். ஸ்டுடியோ நெகட்டிவ்களிலும் பெரும்பாலும் பெயர் கிடையாதே, கேமரனை மட்டும் ஏன் குறை சொல்கிறாய் என்று. நியாயமான கேள்வி. ஸ்டுடியோவில் பெயர் தொலைந்தது. படம் போய்ச் சேர்ந்த வீட்டில் அது எல்லோருக்கும் தெரிந்திருந்தது, சீட்டு ஒட்டத் தேவையில்லை. இலங்கைப் படங்கள் உட்கார்ந்தவரின் வீட்டுச் சுவருக்காக எடுக்கப்பட்டவை அல்ல. அந்த வித்தியாசம் படத்துக்குள்ளேயே தெரிகிறது. ஸ்டுடியோப் படத்தில் இருப்பவர் தன்னோடு எதையாவது கொண்டுவந்திருக்கிறார், ஒரு குடையையாவது. கேமரனின் இலங்கைப் படங்களில் துணியின் மடிப்பு, வெளிச்சம், முகம் திரும்பிய கோணம் எல்லாமே கேமரனுடையவை. அவை மகத்தான படங்கள்தான். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவற்றை உருவப்படங்கள் என்று சொல்லத் தயங்குகிறேன். உருவப்படம் என்றால் உருவத்துக்குச் சொந்தக்காரர் அதில் ஒரு முடிவாவது எடுத்திருக்கவேண்டும்.

6

இந்த அளவுகோலை என் படத்தின் மேல் வைத்தால் அது தேறாது. ‘மூதாட்டி, நாமக்கல்’ படத்தில் அம்மாயி எடுத்த ஒரே முடிவை, அந்தச் சேலையை, நான் தடுத்திருக்கிறேன். கீழே ஒட்டிய சீட்டில் லென்சுக்குப் பெயர் இருக்கிறது, ஃபிலிமுக்கு இருக்கிறது, கழுவிய ரசாயனத்துக்கும் இருக்கிறது. அவருக்கு இல்லை. இந்த வகைப் படங்களைப் பகிரும் எல்லா இடங்களிலும் இதே வழக்கத்தைப் பார்க்கலாம். கருவிக்கு முழுப்பெயர், மனிதருக்கு வயதும் ஊரும்.

அடுத்த முறை ஊருக்குப் போனபோது, “உங்களுக்கு எப்படி வேணுமோ அப்படி எடுத்துத் தரேன், அம்மாயி” என்றேன். அவர் ஏற்கெனவே எல்லாம் யோசித்து வைத்திருந்தார். பேத்தி கல்யாணத்துக்குக் கட்டிய சேலை. கண்ணாடி வேண்டாம். நாற்காலி, திண்ணை கிடையாது. உட்கார்ந்ததும் முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டார். நான் துணிக்குள்ளிருந்து, “நேரா என்னப் பாருங்க அம்மாயி” என்றேன். கண்ணுக்குக் கண் பார்ப்பதுதான் இந்தக் கேமராவின் சிறப்பு என்ற என் கொள்கை அப்போதும் என்னை விடவில்லை.

“உன்னய எதுக்குப் பாக்கறேன்? அப்புச்சி அந்தப் பக்கமாப் பாத்துட்டு இருக்கறாரு. நா இந்தப் பக்கம் திரும்புனாத்தான செவுத்துல ரெண்டு பேரும் பாத்துக்குவோம்?”

உள்ளே கூடத்தில் அப்புச்சியின் படம் மாட்டியிருக்கிறது. திருச்செங்கோட்டில் ஒரு ஸ்டுடியோவில் எழுபதுகளில் எடுத்தது. தலையை லேசாக வலப்பக்கம் திருப்பியிருப்பார். சின்ன வயதிலிருந்து பார்க்கும் படம். அவர் எங்கே பார்க்கிறார் என்று நான் ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை. அவர் பார்வை விழும் இடத்தில் சுவர் காலியாக இருக்கிறது. அம்மாயி எத்தனை வருடமாக அந்தக் காலி இடத்தை மனதில் வைத்திருந்தாரோ தெரியாது. நான் ஒற்றைப் படத்துக்கு வெளிச்சம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் இரண்டு படம் சேர்ந்த ஒரு சுவரை அமைத்துக்கொண்டிருந்தார்.

அரை விநாடிதான். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டது தோளில் தெரிந்தது. இந்தத் தடவை கையும் அசையவில்லை.

நெகட்டிவை ராசிபுரத்துப் பெரியவரிடம் கொண்டுபோனேன். தூசிப் புள்ளிகளைப் பென்சிலால் அடைத்துக் கொடுத்தார். பிறகு, “சுருக்கத்தக் கொஞ்சம் எடுத்தரட்டுங்களா?” என்றார். எனக்கு உள்ளுக்குள் பதறியது. முகத்தின் ஒவ்வொரு கோடும் வரவேண்டும் என்றுதானே இவ்வளவு பெரிய ஃபிலிம். ஆனாலும் அம்மாயிக்கு ஃபோன் போட்டுக் கேட்டேன். என் மனதுக்குள், வேண்டாம் என்று சொல்வார், அது அவர் உழைத்த முகம் என்றெல்லாம் ஒரு வசனம் தயாராக இருந்தது.

“எடுத்தரச் சொல்லு சாமி. அவருக்கு நாப்பது வயசுல எடுத்தது. பக்கத்துல நா மட்டும் கெழவியா இருக்கறதா?”

பெரியவர் மிகக் கொஞ்சமாக, கண்ணுக்குக் கீழே மட்டும் பென்சில் வைத்தார். அவருக்கு அந்த அளவு தெரிந்திருந்தது.

7

இப்போதும் கேட்டால் திண்ணைப் படம்தான் நல்ல படம் என்பேன். விமர்சனம் என்ற முறையில் அதை மாற்றிச் சொல்வது பொய். வெளிச்சம், புகையும் விரல்கள், பாதி என்னைப் பார்த்தும் பாதி பார்க்காமலும் இருக்கும் அந்தக் கண். அந்தக் கண்ணில் இருப்பதை நகரத்தில் பார்த்தவர்கள் ‘தியானம்’ என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். இப்போது பார்த்தால், பேரனிடம் இல்லை என்று சொல்ல மனமில்லாமல் உட்கார்ந்த ஒருவரின் சங்கடம் அது. படத்தில் ஒன்றும் மாறவில்லை. அங்கே ஒரு மறுப்பு பதிவாகியிருக்கிறது என்று தெரிந்த பிறகு அதைத் தெரியாததுபோல் பார்க்க முடியவில்லை. கேமரனின் இலங்கைப் படங்களையும் நான் இப்படித்தான் பார்க்கிறேன். அழகாக இருக்கும் முகங்களில் அவர்கள் எதைச் சொல்ல முடியாமல் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தேடுகிறேன்.

கண்காட்சிக்காரர்களிடம் சொல்லித் திண்ணைப் படத்தைத் திருப்பி வாங்கிவிட்டேன். இரண்டாவது படத்தை அப்புச்சி படத்தின் அளவுக்கே அச்சிட்டு, அதே மாதிரிச் சட்டம் போட்டு, அந்தக் காலி இடத்தில் மாட்டினோம். உயரம் சரியாக இருக்கிறதா என்று அம்மாயி கீழே நின்று இரண்டு தடவை ஏற்றி இறக்கச் சொன்னார். பிறகு பேசாமல் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டார். என்னை யாரும் பாராட்டவில்லை. மாமா மட்டும், “பரவால்லையே, ஸ்டுடியோவுல எடுத்தாப்பலயே இருக்குது” என்றார்.

இந்தக் கட்டுரை எழுதப்போவதாகச் சொல்லி, இந்தத் தடவை உங்கள் பெயரைப் போடுகிறேன் என்றேன். அம்மாயி அதற்கும் யோசித்துத்தான் பதில் சொன்னார். “ஊரு ஒலகத்துக்கெல்லாம் எதுக்கு எம்பட பேரு? படத்துக்குப் பின்னாடி எழுதி வெய்யி.”

எழுதிவைத்திருக்கிறேன். பென்சிலில், அவர் பெயரும் தேதியும் மட்டும். லென்ஸ் பெயர் எழுதவில்லை.